பனியில் முதல் அடி

தமிழில் பனி என்ற சொல்லுக்கு வேலை அதிகம். மார்கழி விடியற்காலையில் புல்நுனியில் நிற்பதும் பனி. தை மாதத்தில் மூக்கடைப்பைக் கொண்டு வந்து சேர்ப்பதும் பனி. ஹிமயமலையின் சிகரங்களில் யுகயுகமாக உறைந்து கிடப்பதும் பனியே. முதல் இரண்டையும் நாம் அனுபவத்தில் அறிவோம். மூன்றாவதைப் படத்தில் பார்த்ததோடு சரி. ஆகையால், வானத்திலிருந்து பஞ்சுபோல் இறங்கி, முழங்காலளவு குவிந்து, மிதித்தால் நறநறவென்று சத்தமிடும் அந்த வஸ்துவுக்கென்று தனியாக ஒரு பேச்சுவழக்குச் சொல் நம்மிடம் உண்டாகவில்லை. அதனால் யாருக்கும் நஷ்டமும் இல்லை.

ஆனால் காலம் மாறி வருகிறது. நடுத்தரக் குடும்பங்கள் குளிர்காலத்தில் வடக்கே பயணம் போகின்றன. பனியை உருட்டி ஒருவர்மேல் ஒருவர் எறிந்து, கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டு, விரல் விறைத்துப்போய்த் திரும்பி வருவது ஒருவகைப் பயணம். நீண்ட பலகைகளைக் காலில் பூட்டிக்கொண்டு மலைச்சரிவில் சறுக்கக் கற்றுக்கொண்டு வருவது இன்னொருவகை. முதல் வகைக்கு நம் யோசனை ஒன்றும் தேவையில்லை. இரண்டாவதைப் பற்றி எழுதும்படி நேயர் ஒருவர், ஓர் அம்மாள், கேட்டிருக்கிறார். பதினொன்றாம் வகுப்பில் படிக்கும் தம் பெண் பள்ளி ஓட்டப்பந்தயங்களில் பரிசு வாங்குகிறவளாம். பனிச்சறுக்குக் கற்க வேண்டும் என்று இரண்டு வருஷமாகச் சொல்லி வருகிறாளாம். சீட்டுப் பணம் வரப்போகிறதாம். வீட்டிலுள்ள பாட்டியோ, "ஏண்டி அம்மா, காலை ஒடித்துக்கொண்டு வந்து நின்றால் நாளைக்கு உன்னை யார் கட்டிக்கொள்வான்?" என்று கேட்டுவிட்டாளாம். அத்துடன் பேச்சு நின்றிருக்கிறது.

பாட்டியின் கேள்வியில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. கால் ஒடியுமா என்பது நியாயமான கேள்வி. அதற்குப் பின்னால் விரிவாகவே பதில் சொல்கிறோம். கால் ஒடியக்கூடும் என்பதற்காக ஒரு பெண் விளையாடாமல் இருக்கவேண்டுமா என்பது மற்றொன்று. இருபது வருஷமாகப் பள்ளிக்கூடத்தில் உழல்கிறவர்கள் என்ற முறையில் இதைச் சொல்லும் பாத்தியதை நமக்கு உண்டு: பத்து வயதில் பையன்களை முந்தி ஓடும் பெண்கள், பதினான்கு வயதில் மைதானத்தின் ஓரத்தில் புத்தகப் பையைக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் காலுக்கு ஒன்றும் வரவில்லை. பெரியவர்கள் பார்வைதான் மாறிவிட்டது. மணாலிக்கு அருகே ஒரு மலைக்கிராமத்தில் பிறந்த ஆஞ்சல் தாக்கூர் என்ற பெண் 2018-ஆம் வருஷம் துருக்கி தேசத்தில் நடந்த சர்வதேசப் போட்டியில் வெண்கலப் பதக்கம் வாங்கினாள். சர்வதேசப் பனிச்சறுக்கில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் பதக்கம் அது. அவள் மலைநாட்டுப் பெண் என்று சொல்லிவிடலாம். பனியே விழாத குடகு நாட்டிலிருந்து புறப்பட்ட பவானி தெக்கடாவும் குளிர்கால விளையாட்டில் பதக்கம் வாங்கியிருக்கிறாளே, அதற்கு என்ன சொல்வது?

நிற்க. விஷயத்துக்கு வருவோம்.

ஸ்கீ என்ற வார்த்தை பழைய நார்வே மொழியில் பிளந்த மரத்துண்டைக் குறிப்பது. அந்நாட்டார் அதை 'ஷீ' என்றே உச்சரிக்கிறார்கள். ஆயிரக்கணக்கான வருஷங்களாக வடக்கத்தி ஜனங்கள் வேட்டைக்கும் விறகுக்கும் இதைக் கட்டிக்கொண்டு நடந்தார்கள். அது அவர்களுக்கு விளையாட்டல்ல, நமக்கு மாட்டுவண்டி மாதிரி. டெலிமார்க் பிரதேசத்தைச் சேர்ந்த ஸோண்ட்ரே நோர்ஹைம் (1825-1897) என்ற ஏழைக் குடியானவர்தான் குதிகாலைச் சுற்றி வளைத்துக் கட்டும் கட்டைப் பிரபலமாக்கி, தாவவும் திரும்பவும் வழிசெய்தார். பலகை காலோடு ஒட்டி நின்ற பிறகுதான் அது விளையாட்டாயிற்று. பிறகு ஆஸ்திரியாவின் ஆர்ல்பர்க் மலைகளில் ஹன்னஸ் ஷ்னைடர் என்பவர், பழகாதவனைப் படிப்படியாகப் பழக்கும் ஒரு பாடத்திட்டத்தை வகுத்தார். இன்றைக்கும் ஆசிரியர்கள் முதல் நாள் சொல்லிக் கொடுப்பது அந்த வழியைத் தழுவியதே.

நம் தேசத்தில் குல்மார்க்கில் 1927-ஆம் வருஷம் இரண்டு பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகள் ஸ்கீ சங்கம் ஒன்றை ஆரம்பித்தார்கள். அது வெள்ளைக்காரத் துரைகளின் பொழுதுபோக்காக இருந்தது. சுதந்திரம் வந்த மறு வருஷம், 1948-ல், ஜெனரல் திம்மையா அதே குல்மார்க்கில் நம் சிப்பாய்களுக்காகப் பனிச்சறுக்குப் பள்ளி ஒன்றை ஏற்படுத்தினார். (அவரும் குடகு நாட்டவர்தான், அந்த ஊர் மண்ணில் ஏதோ இருக்கிறது.) 2022-ல் பீக்கிங் நகரத்தில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவின் ஒரே பிரதிநிதியாகச் சென்ற ஆரிப் கான், குல்மார்க்குக்கு அடியிலுள்ள தங்மார்க் ஊர்க்காரர். ஆகவே, பனிச்சறுக்கு என்றதும் ஸ்விட்சர்லாந்து என்று பெருமூச்சு விடவேண்டிய அவசியம் இல்லை.

எங்கே போவது? ஆரம்பநிலையில் இருப்பவர்களுக்கு நம் தேசத்தில் மூன்று இடங்களைச் சொல்லலாம். மணாலிக்கு மேலேயுள்ள ஸோலாங் பள்ளத்தாக்கு ஒன்று. அங்கே வேடிக்கை பார்க்க வரும் கூட்டம் மிகுதி, சரிவு சிறிது. மணாலியில் அரசாங்க மலையேற்றப் பயிற்சிக் கழகம் நடத்தும் வகுப்புகளில் இடம் கிடைத்தால் மட்டும் அங்கே போவது உசிதம். உத்தராகண்டத்தில் ஜோஷிமட்டுக்கு மேலேயுள்ள ஔலி இரண்டாவது. 2011-ல் தெற்காசிய குளிர்கால விளையாட்டுக்கள் நடந்த இடம். எதிரே 7,816 மீட்டர் உயரமுள்ள நந்தாதேவி. சரிவுகளும் பழகுவதற்கு ஏற்றவை. ஆனால் 2023 ஜனவரியில் ஜோஷிமட்டில் பூமி உள்வாங்கி வீடுகள் விரிசல் கண்டபோது, ஊரிலிருந்து ஔலிக்குச் செல்லும் கம்பிவட ஊர்தி நிறுத்தப்பட்டது. மலைப்பாதையில் ரிஷிகேசத்திலிருந்து ஒரு முழுநாள் மோட்டாரில் போகவும் வேண்டும்.

மூன்றாவது குல்மார்க். குடும்பத்தோடு முதல் தடவை போகிறவர்களுக்கு நாம் சிபாரிசு செய்வது இதைத்தான். ஸ்ரீநகரிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் தூரம். விமானமும், 2025 ஜூன் மாதம் முதல் செனாப் நதிப் பாலத்தைக் கடந்து ரயிலும் ஸ்ரீநகர் வரை வருகின்றன. மைதானம் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 2,650 மீட்டர். இது எவ்வளவு உயரம் என்று கேட்டால், நீலகிரியின் தொட்டபெட்டா சிகரம் 2,637 மீட்டர். அதாவது தொட்டபெட்டாவின் உச்சியை ஒரு பெரிய புல்வெளியாக விரித்துப் பனியைக் கொட்டினால் என்னவோ, அதுவே குல்மார்க். அந்த மைதானத்தின் ஓரத்துச் சிறு சரிவுகளே ஆரம்பப் பள்ளிக்கூடம். மேலே அபர்வத் மலைக்குக் கம்பிவடப் பெட்டி இரண்டு கட்டமாகச் செல்கிறது. முதற்கட்டம் கொங்தூரி வரை. இரண்டாம் கட்டம் 3,900 மீட்டருக்கு மேல். இரண்டாம் கட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை பின்னால் இருக்கிறது.

காஷ்மீர் என்றவுடன் மனத்தில் எழும் மற்றோர் அச்சத்தையும் பேசாமல் விடுவதற்கில்லை. 2025 ஏப்ரலில் பஹல்காமில் 26 பேர் கொல்லப்பட்டதை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். பயணத்துக்கு முன் அரசாங்க அறிவிப்புகளைப் பார்த்து, அன்றைய நிலைமைக்குத் தக்கபடி முடிவு செய்வது குடும்பத் தலைவர்களின் கடமை. போவதானாலும் போகாததானாலும், கேள்விப்பட்டதை நம்பாமல் விசாரித்துத் தெரிந்துகொண்டு செய்ய வேண்டும்.

எப்போது போவது என்பதில்தான் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள். நம் பள்ளிகளுக்கு அரையாண்டு விடுமுறை டிசம்பர் கடைசியில் வருகிறது. உடனே டிக்கெட் வாங்கிவிடுகிறார்கள். காஷ்மீரத்தில் 'சில்லை கலான்' என்ற நாற்பது நாள் கடுங்குளிர் டிசம்பர் 21-ந் தேதிதான் ஆரம்பமாகிறது. டிசம்பர் கடைசியில் பனி இருந்தாலும் இருக்கும், இல்லாவிட்டாலும் இல்லை. கூட்டமும் வாடகையும் மட்டும் நிச்சயமாக இருக்கும். அங்கே பனி கொண்டு வருவது மத்தியதரைக் கடல் பக்கமிருந்து புறப்பட்டு மேற்கிலிருந்து வரும் காற்றுச் சுழல்கள். நம் ஊரில் ஐப்பசி, கார்த்திகையில் புயல்சின்னத்தை எதிர்பார்த்து ஏரிக்கரையில் நிற்கிறோமே, அதே கதைதான். 2024 ஜனவரியில் அந்தச் சுழல்கள் வராமல் குல்மார்க் மைதானம் காய்ந்த புல்லாகக் கிடந்தது. மாதக் கடைசியில்தான் பனி விழுந்தது. 2025 பிப்ரவரியில் அங்கே நடக்கவிருந்த தேசிய குளிர்கால விளையாட்டுக்கள், பனி போதாமல் மார்ச்சுக்குத் தள்ளிப்போயின. ஹிமயத்தின் பனி முன்போல் நம்பத்தக்கதாக இல்லை. 'அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்' என்று பத்து வருஷம் தள்ளிப்போடுகிறவர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும்.

ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி கடைசி வரை நல்ல காலம். பொங்கல் விடுமுறையோடு சில நாள் சேர்த்துக்கொள்வது ஒரு வழி. பள்ளிக்கு மட்டம் போடச் சொல்கிறாரே என்று எண்ணவேண்டாம். ஒன்பது, பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் நாலு நாள் பாடத்தைத் திரும்பி வந்து பிடித்துவிடலாம். பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் படிக்கிறவர்கள் ஒரு வருஷம் பொறுத்துப் போகட்டும். அறையைப் பதிவு செய்யும்போது, ரத்து செய்தால் பணம் திரும்புமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாயால் சொன்னது பனியோடு கரைந்துவிடும்.

எத்தனை நாள்? ஸ்ரீநகரிலிருந்து காலையில் போய் மாலையில் திரும்பும் பயணத்தில் யாரும் எதையும் கற்றுக்கொண்டதில்லை. அரை மணி நேரம் யாரோ ஒருவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவார், காசு வாங்கிக்கொள்வார். ஏழு நாள் வைத்துக்கொள்ளுங்கள். வந்த நாள் ஓய்வு. பிறகு நான்கு நாள் பாடம். ஒரு நாள் மேகத்துக்கும் மூடிப்போன விமான நிலையத்துக்குமாக ஒதுக்கியது. மிச்சம் ஒரு நாள் ஸ்ரீநகர். வந்த அன்றே சறுக்கப் புறப்படாமலிருப்பது முக்கியம். 2,500 மீட்டருக்கு மேல் சிலருக்குத் தலைவலியும் குமட்டலும் உண்டாகும். வெந்நீர் நிறையக் குடித்து மெதுவாக நடந்தால் பெரும்பாலும் மறுநாள் சரியாகிவிடும். சரியாகாமல் அதிகரித்தால் கீழே இறங்குவதே மருந்து.

உடுப்பைப் பற்றிச் சொல்லவேண்டியது ஒன்றே: பருத்தி வேண்டாம். நம் ஊரில் அமிர்தம் போன்ற பருத்தி, பனியில் வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொண்டு உடம்பைக் குளிரச் செய்யும். உடம்போடு ஒட்டி மெல்லிய கம்பளியோ செயற்கை நூலோ. அதன் மேல் தடித்த கம்பளி. அதற்கும் மேல் காற்றும் ஈரமும் புகாத சட்டை, கால்சட்டை. ஜீன்ஸ் அணிந்து போகும் வாலிபர்கள் முதல் தடவை விழுந்ததும் காரணத்தைத் தெரிந்துகொள்வார்கள். காலுறை ஒன்றே ஒன்று, நீளமானதாக; குளிருக்குப் பயந்து இரண்டு போட்டால் மடிப்பு விழுந்து ரத்த ஓட்டம் தடைப்பட்டு, கால் முன்னைவிட அதிகமாக விறைக்கும். கறுப்புக்கண்ணாடியும் வெயில் களிம்பும் அழகுக்கல்ல. பனி வெயிலைக் கண்ணாடிபோல் திருப்பி அடிக்கிறது. மறந்தவர்களுக்குக் கண் மணல் விழுந்தாற்போல் எரியும்.

பலகை, பூட்ஸ், கோல், தலைக்கவசம் எதையும் விலைக்கு வாங்காதீர்கள். வாடகைக்குக் கிடைக்கும். இந்திய அரசாங்கச் சுற்றுலா இலாகாவின் பனிச்சறுக்கு, மலையேற்றக் கழகம் குல்மார்க்கிலேயே இருக்கிறது. வகுப்போடு சாமானையும் கொடுக்கும் அப்படிப்பட்ட இடங்களில் முன்கூட்டியே எழுதி இடம் பிடிப்பது உத்தமம். தனிக் கடையில் எடுப்பதானால் அவசரப்படாதீர்கள். பூட்ஸ்தான் சகலமும். நிமிர்ந்து நிற்கும்போது கால்விரல் முனை லேசாக இடிக்கவேண்டும். முழங்காலை முன்னுக்கு மடக்கினால் விரல் பின்வாங்கி, குதிகால் அசையாமல் உட்கார வேண்டும். செங்கல்லில் காலை விட்டாற்போல் இருக்கும், அது சரியே. வலி மட்டும் கூடாது. பலகையின் நீளம், நிறுத்தி வைத்தால் உங்கள் மோவாய்க்கும் மூக்குக்கும் நடுவில் நின்றால் போதும். நீளப் பலகை வேகமானது. உங்களுக்கு வேகம் வேண்டாம்.

பூட்ஸையும் பலகையையும் இணைக்கும் பூட்டுதான் பாட்டியின் கேள்விக்கு முதல் பதில். விழும்போது குறிப்பிட்ட அளவுக்கு மேல் முறுக்கு விழுந்தால் அந்தப் பூட்டு தானாகவே விட்டுக்கொடுத்துப் பலகையைக் கழற்றிவிடும். பழைய காலத்தில் தோல்வாரால் கட்டிக்கொண்டு விழுந்தவர்களுக்கு எலும்பு முறிந்தது. இந்தப் பூட்டு வந்தபின் அது வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆனால் பூட்டின் அளவை ஆளின் எடை, உயரம், வயது, பழக்கம், பூட்ஸின் நீளம் ஆகியவற்றைக் கேட்டுத் திருகி வைக்கவேண்டும். உங்கள் எடையைக் கேட்காமல் பலகையைக் கொடுக்கும் கடைக்காரரிடம் எடுக்காதீர்கள். அக்காவுக்கு வைத்த அளவில் தங்கையை அனுப்பாதீர்கள். பூட்டு காப்பாற்றாத ஒன்று முழங்காலுக்குள் இருக்கும் தசைநார். அதைக் காப்பது பாடம்.

பாடம் எப்படி இருக்கும்? முதல் நாள் ஆசிரியர் உங்களை மலைமேல் அழைத்துப் போகமாட்டார், சமதரையில் நிறுத்துவார். ஒரு காலில் மட்டும் பலகை. நொண்டி நொண்டி நடக்கவேண்டும். பிறகு இரண்டு காலிலும். பக்கவாட்டில் நண்டுபோல் அடியெடுத்துச் சரிவில் ஏறவேண்டும். பிறகு பலகைகளை மீன்முள் மாதிரி விரித்து நேராக ஏறவேண்டும். பத்தடி ஏறுவதற்குள் ஜனவரிக் குளிரில் வியர்த்துவிடும். அதன்பின்தான் சறுக்கல். இரண்டு பலகைகளின் முனைகளும் நெருங்கியிருக்க, பின்பக்கம் விரிந்திருக்க, கூரைச்சட்டம் போல் வைத்துக்கொண்டு குதிகாலால் வெளிப்புறம் அழுத்தினால், உள்விளிம்பு பனியைக் கடித்து வேகத்தைக் குறைக்கும். இதற்குப் பெயர் கலப்பை. உழவர் நாட்டுக்குப் பொருத்தமான பெயர். நிறுத்தக் கற்றபின் திரும்பக் கற்கலாம்: வலக்காலில் பாரத்தை வைத்தால் இடப்பக்கம் திரும்பும், இடக்காலில் வைத்தால் வலப்பக்கம். முதலில் எல்லோரும் திரும்பவேண்டிய பக்கத்துக் காலிலேயே பாரத்தைப் போட்டு, போகவேண்டாத இடத்துக்குப் போவார்கள்.

எல்லாவற்றிலும் கடினமானது உடம்பின் பயத்தை வெல்வது. எதிரே பள்ளத்தைக் கண்டதும் உடம்பு பின்னுக்குச் சாய்கிறது. அது இயற்கை. ஆனால் பின்னுக்குச் சாய்ந்தால் பலகையின் முன்பாகம் லேசாகி, திருப்பவும் முடியாமல் நிறுத்தவும் முடியாமல் வேகம் பெருகும். முழங்காலுக்கு ஆபத்தும் அந்த நிலையில்தான். முழங்காலை மடக்கி, கெண்டைக்கால் முன்னெலும்பைப் பூட்ஸின் நாக்கின்மேல் சாய்த்து, கைகளை முன்னே வைத்து, காலடியைப் பாராமல் தூரத்தைப் பார்க்கவேண்டும். இதை ஆசிரியர் ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்வார். நாமும் வகுப்பில் சிலவற்றை நூறு தடவை சொல்கிறோம். அவருடைய சிரமம் நமக்குத் தெரியும்.

விழுவதற்கும் முறை உண்டு. தப்பாது என்று தெரிந்தால் மேட்டுப்பக்கமாக இடுப்பின்மேல் சாய்ந்து விழுவது நல்லது, கையை ஊன்றக்கூடாது. கோலின் வாரில் கையை மாட்டிக்கொண்டு விழுந்தால் கட்டைவிரல் மூட்டு பிசகும்; பழகும் நாட்களில் வாரை விட்டுவிட்டுக் கோலை வெறுமே பிடித்தால் போதும். எழுந்திருக்க, இரண்டு பலகைகளையும் உடம்புக்குக் கீழ்ப்புறமாகச் சரிவுக்குக் குறுக்கே வைத்துக்கொண்டு எழவேண்டும். சரிவை நோக்கி வைத்து எழுந்தால், எழுந்த நிமிஷமே மறுபடி பயணம்.

பாதையிலும் தர்மம் உண்டு. சர்வதேசப் பனிச்சறுக்குச் சம்மேளனம் 1967-ல் வகுத்த பத்து விதிகளில் பிரதானமானது, முன்னால் போகிறவருக்கே வழி என்பது. பின்னால் வருகிறவர்தான் விலகவேண்டும். நடுப்பாதையில் நின்று படம் எடுக்கக்கூடாது. நம் நகர வீதிகளில் இந்த இரண்டையும் அமலுக்குக் கொண்டு வந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்!

இனி, அந்த இரண்டாம் கட்டம். கம்பிவடப் பெட்டியில் உச்சிக்குப் போய்ப் பார்த்துவிட்டு அதே பெட்டியில் திரும்பலாம். முன்பதிவு செய்துகொண்டு போகவேண்டும், காற்று பலத்தால் நிறுத்திவிடுவார்கள். ஆனால் நான்கு நாள் கற்ற தைரியத்தில் பலகையோடு அங்கே ஏறுவது கூடவே கூடாது. மேலே இருப்பது செப்பனிட்ட பாதையல்ல, திறந்த மலை. 2023 பிப்ரவரி முதல் தேதி அபர்வத் மலையில் பனிப்பாறை சரிந்து இரண்டு போலந்து தேசத்தார் இறந்தார்கள். 2024 பிப்ரவரியில் ஒரு ரஷ்யர் இறந்தார். பனிமலையைத் தேடிக் கடல் கடந்து வந்தவர்கள் அவர்கள். கூட வந்த பையன்கள் "ஒரே ஒரு தடவை" என்பார்கள். பெரியவர்கள் அப்போது உறுதியாக இல்லையென்று சொல்லவேண்டும். பாட்டியின் கண்டிப்பு பயன்படவேண்டிய இடம் இதுவே.

உடம்பைத் தயார் செய்ய இரண்டு மாதம் வேண்டும். பனிச்சறுக்கில் வேலை செய்வது தொடை. அதற்குப் பிள்ளையார் கோயிலில் நம் முன்னோர் ஏற்படுத்திய தோப்புக்கரணத்தைவிடச் சிறந்த பயிற்சி இல்லை. காலையில் இருபதில் ஆரம்பித்து மெதுவாக அறுபது வரை போகலாம். சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலி இல்லாமல் நாற்காலியில் உட்காருவதுபோல் ஒரு நிமிஷம் நிற்பது இன்னொன்று. மாடிப்படி ஏறுவதைவிட இறங்குவதில் அதிகப் பலன். உத்தியோகத்தில் உட்கார்ந்தே பழகிய தகப்பனார்களுக்கு இது பெண்ணைவிட அவசியம். வளைகுடா நாட்டில் உறவினர் உள்ளவர்கள், துபாயில் 2005-ல் ஓர் அங்காடிக்குள் திறந்த உள்ளரங்கப் பனிச்சரிவில் இரண்டு பாடம் கேட்டுவிட்டு வந்தால், மலையில் முதல் நாள் மிச்சம்.

பாட்டியை வீட்டில் விட்டுவிட்டுப் போகவேண்டும் என்று நாம் சொல்லவில்லை. இருதய நோயோ மூச்சிரைப்போ இல்லாவிட்டால், வைத்தியரைக் கேட்டுக்கொண்டு அவரும் வரலாம். முதற்கட்டப் பெட்டியில் கொங்தூரி வரை போகலாம். சறுக்குவண்டியில் உட்கார வைத்து இழுத்துச் செல்ல ஆட்கள் இருக்கிறார்கள். தங்மார்க்கில் இறங்கியதுமே கோட்டு, பூட்ஸ், வழிகாட்டி என்று சூழ்ந்துகொள்வார்கள். நம்மவர் சிலருக்கு எரிச்சல் வருகிறது. பனி இருக்கும் சில மாதங்களில் வருஷம் முழுவதற்கும் சம்பாதிக்கவேண்டியவர்கள் அவர்கள். உத்தியோகபூர்வமான கட்டணப் பட்டியலைக் கேளுங்கள். முன்பே பேசி முடிவு செய்யுங்கள். பேசியதைக் குறைக்காமல் கொடுங்கள். நாலு பேர் சேர்ந்து ஒரு மனிதர் இழுக்கும் வண்டியில் ஏறிக்கொண்டு பேரம் பேசுவது பார்க்க நன்றாக இல்லை.

பணத்தைப் பற்றி: கட்டணங்கள் வருஷந்தோறும் மாறுவதால் இங்கே அச்சிடவில்லை. பயணம், தங்குமிடம், சாமான் வாடகை, ஆசிரியர், மேலே ஏற்றும் இழுவைக் கம்பி என்று ஐந்து தலைப்பில் கணக்கெழுதுங்கள். சுருக்க வேண்டியிருந்தால் தங்குமிடத்தில் சுருக்குங்கள், ஆசிரியரில் சுருக்காதீர்கள். அறையில் வெந்நீரும் சூடேற்றியும் இருந்தால் ஜரிகைத் திரை வேண்டியதில்லை. ஆறாவது தலைப்பு ஒன்று உண்டு, அதுதான் காப்பீடு. சாதாரணப் பயணக் காப்பீட்டில் சாகச விளையாட்டுகளுக்குப் பொறுப்பில்லை என்று சிற்றெழுத்தில் ஒரு வரி இருக்கும். குளிர்கால விளையாட்டு என்று பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறார்களா என்று மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பாருங்கள். வெளிமாநிலத்து முன்பணக் கைப்பேசி இணைப்பு காஷ்மீரத்தில் இயங்குவதில்லை என்பது பல வருஷத்து ஏற்பாடு. புறப்படுமுன் நிறுவனத்தைக் கேட்டுக்கொள்ளவும்.

பனி பெய்த மறுநாள் தங்மார்க்குக்கு மேலே சக்கரத்தில் சங்கிலி கட்டிய வண்டிகளையே விடுவார்கள். ஆகையால் குல்மார்க்கிலிருந்து இறங்கும் நாளும் விமானம் ஏறும் நாளும் ஒன்றாக இருக்கக்கூடாது. முதல் நாள் மாலையே ஸ்ரீநகர் வந்துவிடுங்கள். வாடகைச் சாமான்களைத் திருப்பும்போது கடைக்காரர் முன்னிலையில் எண்ணிக் கொடுத்து, முன்பணத்தை வாங்கிக்கொண்டு, ஆசிரியரிடம் உங்கள் பெண் எந்தப் பாடம் வரை வந்திருக்கிறாள் என்பதை ஒரு தாளில் எழுதி வாங்கி வையுங்கள். அடுத்த தடவை போகும்போது அங்கிருந்து ஆரம்பிக்கலாம்.